இந்தத் தகவல் போதுமா?

உத்தமபாளையத்தில் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை. பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அங்கே போட்டித் தேர்வு வகுப்பு எடுக்கிறேன். கம்பம், கூடலூர், சின்னமனூர், கோம்பை, தேவாரம் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வருகிறார்கள். புதிதாக ஒரு செட் சேர்ந்தால், பெயர் ஊர் விசாரித்து முடித்த கையோடு நான் பலகையில் எழுதுவது இந்தக் கணக்கைத்தான்.

கேள்வி: சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய நான்கு ஊர்களில் மட்டும் நிற்கும் ஒரு பஸ், மூன்றாவதாக எந்த ஊரில் நிற்கும்?

கூற்று 1: சின்னமனூருக்கு அடுத்த நிறுத்தம் உத்தமபாளையம்.

கூற்று 2: கடைசி நிறுத்தம் கூடலூர்.

சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்துவிடும். "கம்பம் சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?" தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் பிறந்தது முதல் போய் வருகிற பிள்ளைகள். வீரபாண்டி தாண்டினால் சின்னமனூர், அப்புறம் உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்கள். இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும் என்பது வகுப்பின் ஒருமித்த தீர்ப்பு.

ஒரு வருடம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, இங்கே அக்கா வீட்டில் தங்கிப் படித்த பெண் ஒருவர் வகுப்பில் இருந்தார். அவர் மட்டும் கை தூக்காமல் நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றேன். "சார், பஸ் முதல்ல கம்பத்துல நின்னுட்டு, அப்புறம் சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர்னு போகலாமே? ரெண்டு கூற்றும் அதைத் தடுக்கலையே" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கூடலூர் நான்காவது. சின்னமனூரும் உத்தமபாளையமும் அடுத்தடுத்து வர வேண்டும். அவை ஒன்றாவது இரண்டாவது இடத்தில் வந்தால் மூன்றாவது கம்பம். இரண்டாவது மூன்றாவது இடத்தில் வந்தால் மூன்றாவது உத்தமபாளையம். இரண்டு படமும் கூற்றுகளுக்குப் பொருந்துகின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்தாலும் தகவல் போதாது. ஊர் தெரிந்த முப்பது பேர் தவறினார்கள், ஊருக்குப் புதிதாக வந்தவர் பிழைத்தார். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பார்த்தார்கள். அவர் தனக்குக் கொடுக்கப்பட்டதைப் பார்த்தார்.

டேட்டா சஃபிஷியன்சி என்று தேர்வு உலகத்தில் சொல்லும் கணக்கு இதுதான். தகவல் போதுமா என்று பார்க்கும் கணக்கு. பிள்ளைகள் சுருக்கமாக டி.எஸ். என்பார்கள். வங்கி அதிகாரி தேர்வின் ரீசனிங் பகுதியில் வரும். யு.பி.எஸ்.சி. 2011இல் கொண்டுவந்த சிசாட் தாளில் வருகிறது. நிர்வாகப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் பல காலம் கணிதப் பகுதியில் இருந்த இந்த வகை, 2023இல் வந்த புதிய வடிவத்தில் டேட்டா இன்சைட்ஸ் என்ற தனிப் பகுதிக்கு மாறியது. எங்கே வந்தாலும் கேட்பது ஒன்றே: விடை என்ன என்று சொல்ல வேண்டாம், இந்தத் தகவலை வைத்து விடை சொல்ல முடியுமா என்று மட்டும் சொல்.

இந்த வித்தியாசத்தை நான் இழப்பில் கற்றுக்கொண்டேன். 1997இல், வங்கிகளுக்கு ஆள் எடுக்க பி.எஸ்.ஆர்.பி. என்ற வாரியம் இருந்த காலம். மதுரையில் ஒரு மையத்தில் தேர்வு எழுதினேன். தாளில் ஐந்து டி.எஸ். கேள்விகள் அடுத்தடுத்து இருந்தன. ஐந்துக்கும் முழு விடை கண்டுபிடித்தேன். வட்ட மேசையில் யார் யாருக்கு எதிரே, எட்டு பேரில் எடை குறைந்தவர் யார், எல்லாம் தாளின் ஓரத்தில் படம் போட்டுத் தீர்த்தேன். ஐந்தும் சரி என்ற திருப்தியோடு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் பதினான்கு நிமிடம் போயிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறக்கவே நேரம் கிடைக்கவில்லை. முடிவு வந்தபோது பட்டியலில் என் எண் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லப் பதினான்கு நிமிடம் செலவழித்தவனுக்குக் கேட்ட கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போனது. இரண்டு வருடம் கழித்து அடுத்த முயற்சியில் தேறி வங்கியில் சேர்ந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நான் மாற்றிக்கொண்ட பழக்கங்களைத்தான் இப்போது சொல்லிக் கொடுக்கிறேன்.

முதல் பழக்கம்: கூற்றுகளைப் படிக்கும் முன் கேள்வியில் நில்லுங்கள். கேள்வியைப் படித்ததும், "என்ன கிடைத்தால் இதற்குப் பதில் சொல்லிவிடலாம்?" என்று நமக்குள் கேட்டு, அதை ஒரு வரியில் எழுத வேண்டும். மளிகைக்குப் போகும்போது சீட்டு எழுதிக்கொண்டு போகிறோம். சீட்டு இல்லாமல் போனால் கடையில் கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும்போலத் தோன்றும். சீட்டு இல்லாமல் கூற்றுக்குள் போனாலும் அப்படித்தான்.

இதற்கு நான் போடும் கணக்கு ஏலக்காய்க் கணக்கு. போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டும்.

கேள்வி: ஒரு வியாபாரி ஏலக்காய் வாங்கி விற்றார். அவருக்கு லாபம் எத்தனை சதவீதம்?

கூற்று 1: வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள விகிதம் 4:5.

கூற்று 2: அவர் கிலோ 2,000 ரூபாய்க்கு வாங்கினார்.

பாதி வகுப்பு இரண்டும் வேண்டும் என்று எழுதும். 2,000 என்ற எண் கண்ணைப் பிடித்து இழுக்கும். ரூபாய் தெரியாமல் லாபக் கணக்கா என்று மனம் கேட்கும். ஆனால் கேள்வி சதவீதத்தைத்தான் கேட்கிறது. நாலுக்கு வாங்கி அஞ்சுக்கு விற்றால் நாலில் ஒன்று லாபம், 25 சதவீதம். கிலோ ஆயிரமாக இருந்தாலும் ஐயாயிரமாக இருந்தாலும் அது மாறாது. முதல் கூற்று மட்டுமே போதும். இரண்டாவது கூற்று தனியாக ஒன்றுக்கும் உதவாது.

அடுத்து, பலகையில் கேள்வியின் ஒரு சொல்லை மட்டும் அழித்து மாற்றுவேன். "லாபம் எத்தனை சதவீதம்" என்பது "கிலோவுக்கு லாபம் எத்தனை ரூபாய்" என்று ஆகும். கூற்றுகள் அப்படியே இருக்கும். இப்போது இரண்டும் தேவை, லாபம் 500 ரூபாய். ஒரு சொல் மாறியதில் விடை மாறிவிட்டது. போதும் என்பது தகவலின் குணம் என்று நினைத்திருந்த பிள்ளைகள், அது கேள்விக்கும் தகவலுக்கும் இடையிலான பொருத்தம் என்று அந்த நேரத்தில்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு சொல்லை அழித்து எழுதும் நொடிக்காகவே இந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் போடுகிறேன்.

இரண்டாவது பழக்கம்: ஒவ்வொரு கூற்றையும் தனியாகப் பார்ப்பது. சொல்வது சுலபம். முதல் கூற்றைப் படித்துவிட்டு இரண்டாவதுக்குப் போகும்போது, முதலாவது காலில் சேறுபோல ஒட்டிக்கொண்டே வரும். வங்கித் தேர்வில் அடிக்கடி வரும் ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தக் குடும்பம் வீரபாண்டித் திருவிழாவுக்கு மே மாதம் எந்தத் தேதி போனது?

கூற்று 1: 12ஆம் தேதிக்குப் பிறகு, 16ஆம் தேதிக்கு முன் போனதாக அம்மாவுக்கு நினைவு, அது சரியானது.

கூற்று 2: 14ஆம் தேதிக்குப் பிறகு, 18ஆம் தேதிக்கு முன் போனதாக மகனுக்கு நினைவு, அதுவும் சரியானது.

முதல் கூற்றில் 13, 14, 15. இரண்டாவதில் 15, 16, 17. சேர்த்தால் 15 மட்டும். இரண்டும் வேண்டும் என்பது விடை. ஆனால் "இரண்டாவது மட்டும் போதும்" என்று குறிக்கிறவர்கள் ஒவ்வொரு செட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது 13, 14, 15 இன்னும் மனதில் நிற்கிறது. 15 என்று பளிச்சென்று தெரிந்ததும், அது எந்தக் கூற்றிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

இதற்கு நான் கொடுக்கும் மருந்து ஒரு துண்டு அட்டை. பழைய நோட்டின் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். முதல் கூற்றைப் படிக்கும்போது இரண்டாவதை மூட வேண்டும். முடித்ததும் முதலாவதை மூடிவிட்டு இரண்டாவதைப் படிக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே தவறினால்தான் அட்டையை எடுக்கலாம். இன்று வங்கித் தேர்வு கணினித் திரையில் நடக்கிறது, அங்கே அட்டைக்கு இடமில்லை. ஆனால் மூன்று மாதம் அட்டையோடு பழகியவருக்கு, அட்டை இல்லாமலேயே மனம் மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறது.

மூன்றாவது பழக்கம்: உடைத்துப் பார்ப்பது. ஒரு தகவல் போதும் என்று தோன்றினால், உடனே குறிக்காதீர்கள். அதே தகவலுக்குப் பொருந்துகிற, வேறு விடை தருகிற இன்னொரு படத்தைத் தேடுங்கள். கிடைத்தால் தகவல் போதாது, அங்கேயே நிறுத்திவிடலாம். போதாது என்று நிரூபிக்க இரண்டு படம் போதும். போதும் என்று சொல்லத்தான் எல்லா வழியும் அடைபட்டிருக்க வேண்டும். ராமநாதபுரத்துப் பெண் செய்தது இதைத்தான்.

இங்கே ஒரு சின்னக் கண்ணி உண்டு. "பஸ் 9 மணிக்கு முன் புறப்பட்டதா?" என்று கேள்வி. "பஸ் 9.10க்குப் புறப்பட்டது" என்று கூற்று. பிள்ளைகள் போதாது என்று குறிப்பார்கள். கேட்டால், "இல்லைன்னு தானே சார் வருது" என்பார்கள். இல்லை என்பதும் விடைதான். ஐயத்துக்கு இடமில்லாமல் "இல்லை" என்று சொல்ல முடிந்தால் தகவல் போதும். ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் நின்றால்தான் போதாது.

இரண்டு மாறிக்கு இரண்டு சமன்பாடு வேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த விதியையும் இங்கே கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். மூன்று சீப்பு வாழைப்பழமும் இரண்டு தேங்காயும் 190 ரூபாய் என்று ஒரு கூற்று. ஆறு சீப்பும் நான்கு தேங்காயும் 380 ரூபாய் என்று இன்னொன்று. இரண்டு சமன்பாடுதான், ஆனால் இரண்டாவது முதலாவதன் இரட்டிப்பு, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் விலை தெரியாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு.

கேள்வி: பஸ்ஸில் ஏறிய ஒரு குடும்பத்தில் பெரியவர்கள் எத்தனை பேர்?

கூற்று 1: பெரியவருக்கு டிக்கெட் 17 ரூபாய், சிறுவருக்கு 9 ரூபாய். குடும்பம் முழுவதற்கும் டிக்கெட் 61 ரூபாய்.

கூற்று 2: குடும்பத்தில் மொத்தம் ஐந்து பேர்.

ஒரு சமன்பாட்டில் இரண்டு மாறி, ஆகவே முதல் கூற்று போதாது என்று பலரும் ஓடுவார்கள். நிதானமாகப் பாருங்கள். பெரியவர் ஒருவர் என்றால் மீதி 44, அது ஒன்பதால் வகுபடாது. இருவர் என்றால் மீதி 27, சிறுவர் மூவர். மூவர் என்றால் மீதி 10, வகுபடாது. பெரியவரே இல்லை என்றால் 61, அதுவும் வகுபடாது. மனிதர்கள் முழு எண்ணிக்கையில்தான் பஸ் ஏறுவார்கள் என்பதால் ஒரே சமன்பாடு போதுமானதாகிவிட்டது. முதல் கூற்று மட்டும் போதும், இரண்டாவது தனியாகப் போதாது.

இந்தக் கணக்கை முதன்முதலாக இப்படியே போட்டபோது கூடலூர் மாணவி ஒருவர் எழுந்து, "சார், டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லையே" என்றார். 2021இலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து "அனைவரும் டிக்கெட் எடுத்தனர்" என்ற வரியைக் கேள்வியில் சேர்த்து எழுதுகிறேன். கேள்வி எழுதுகிறவருக்கும் இந்த ஒழுக்கம் வேண்டும். தன் மனதில் இருப்பது தாளிலும் இருக்கிறதா என்று அவரும் பார்க்க வேண்டும். முதல் கூற்று ஒரு விடையும் இரண்டாவது கூற்று அதற்கு முரணான விடையும் தருமானால், பிழை கேள்வியில் இருக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்துவது என்று மத்திய நிதியமைச்சகம் 2021இல் அறிவித்தது. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். ஆனால் உறவுமுறைக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது மொழியே தகவலைக் கூட்டியும் குறைத்தும்விடும். "ராஜா, மீனா, சேகர் மூவரும் உடன்பிறந்தவர்கள். மூத்தவர் யார்?" என்பது கேள்வி. ராஜாவும் சேகரும் மீனாவின் பிரதர் என்று ஆங்கிலத்தில் இருந்தால் வயது தெரியாது, தகவல் போதாது. தமிழில் "சகோதரர்" என்று எழுதினால் அப்படியே நிற்கும். "ராஜா மீனாவின் அண்ணன், சேகர் மீனாவின் தம்பி" என்று எழுதிவிட்டால் ராஜாதான் மூத்தவர், விடை வந்துவிட்டது. நாம் பேச்சில் பிரதர் என்று சொல்வதில்லை. அண்ணன் அல்லது தம்பி, இரண்டில் ஒன்றைத்தான் நாக்கு எடுக்கும். அந்தச் சொல்லுக்குள்ளேயே வயது இருக்கிறது.

மாமா என்ற சொல் இதற்கு நேர் எதிர். "முருகன் செல்வியின் மாமா. செல்வியின் அம்மாவுக்கு முருகன் என்ன உறவு?" என்றால் கூடப் பிறந்தவர் என்று எழுதிவிடுவார்கள். அம்மாவின் அண்ணன் தம்பியும் மாமாதான், அத்தையின் கணவரும் மாமாதான், கல்யாணமான பெண்ணுக்கு மாமனாரும் மாமாதான். தாய்மாமனைக் கட்டிக்கொண்ட வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்தக் குடும்பப் படத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு கோடு வரும். ஆகவே உறவுமுறைக் கணக்கில் சொல்லைக் கண்டதும் நம் வீட்டு முகத்தை அங்கே வைக்கக் கூடாது. சொல் அனுமதிக்கிற அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். வங்கித் தேர்வில் டி.எஸ். கேள்விக்கு ஐந்து விடைகள்: முதலாவது மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டில் எந்த ஒன்றும் போதும், இரண்டும் சேர்ந்தாலும் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும். தவறுக்குக் கால் மதிப்பெண் கழிப்பு. ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக வரவும் இல்லை செலவும் இல்லை. ஆனால் முதல் கூற்றை மட்டும் முடிவு செய்துவிட்டாலே நிலைமை மாறுகிறது. முதல் கூற்று தனியாகப் போதும் என்று உறுதியானால், மிஞ்சுவது இரண்டே விடைகள்: "முதலாவது மட்டும்" அல்லது "இரண்டில் எந்த ஒன்றும்". அப்போது குறித்தால் சராசரியாக 8இல் 3 பங்கு மதிப்பெண் நம் பக்கம். போதாது என்று உறுதியானால் மூன்று விடைகள் மிஞ்சும், 6இல் 1 பங்கு நம் பக்கம். பாதி வேலை செய்தவருக்கும் பலன் தருகிற கேள்வி வகை இது. இரண்டாவது கூற்று சிக்கலாக இருந்தால் கேள்வியையே விட்டுவிட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. விடைகளின் வரிசை எல்லாத் தேர்விலும் ஒன்றல்ல. வங்கித் தேர்வில் வழக்கமாக மூன்றாவது இடத்தில் "இரண்டில் எந்த ஒன்றும் போதும்" என்று இருக்கும். ஜிமேட்டில் மூன்றாவது இடம் "இரண்டும் சேர்ந்தால் போதும்". ஒன்றுக்குப் பழகிய கை இன்னொன்றில் தானாகப் போய்க் குறித்துவிடும். தேர்வு தொடங்கியதும் விடை வரிசையை ஒரு முறை வாய்க்குள் படித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சொல்லிக் கொடுத்த பிறகும், "இது பரீட்சைக்கு மட்டும்தானே சார்?" என்று ஒருவர் கேட்பார். அவருக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்வேன்.

அப்பா இருபோக நெல் விவசாயி. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. அதில் எங்களுடையது ஒரு சிறு துண்டு. காலையில் பேப்பர் வந்ததும் அணை நீர்மட்டம் போட்ட பகுதியை என்னை வாசிக்கச் சொல்வார். "பெரியாறு அணை 112 அடிப்பா" என்பேன். "அடி மட்டும் சொன்னா எப்படிப்பா? வரத்து எவ்வளவு, வெளியேத்தம் எவ்வளவு, அதையும் வாசி" என்பார்.

112 அடி என்று கேட்டால் வெளியூர்க்காரருக்கு நிறையத் தண்ணீர் இருப்பதுபோலத் தோன்றும். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த அந்த அணையில் 104 அடிக்கு மேல் இருக்கிற தண்ணீர்தான் சுரங்கம் வழியே நம் பக்கம் வரும். ஆக 112 என்றால் நமக்கு எட்டடி. அந்த எட்டடி நாற்று முற்றும் வரை தாங்குமா என்பது மழையையும் வரத்தையும் பொறுத்தது. வரத்து மட்டும் தெரிந்தால் மட்டம் ஏறுமா இறங்குமா என்று சொல்ல முடியாது. வெளியேற்றம் மட்டும் தெரிந்தாலும் முடியாது. இரண்டும் தெரிந்தால் ஏறுமா என்று சொல்லலாம், எத்தனை அடி ஏறும் என்று அப்போதும் சொல்ல முடியாது, அதற்கு அந்த மட்டத்தில் நீர்ப்பரப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். டி.எஸ். கேள்வித்தாளைக் கண்ணால் பார்த்திராத மனிதர், விதை நெல்லை ஊற வைப்பதா வேண்டாமா என்ற முடிவை இப்படித்தான் எடுத்தார். போதாது என்றால் இன்னும் நாலு நாள் பொறுப்பார். போதும் என்றால் பக்கத்து வயல்காரர் யோசித்துக்கொண்டிருந்தாலும் இவர் இறங்கிவிடுவார்.

பின்னால் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தபோது அதே கேள்வி என் மேசைக்கு வந்தது. நிலம் இவர் பெயரில் இருக்கிறது என்று பட்டா சொல்லும். என்ன பயிர் நிற்கிறது என்று அடங்கல் சொல்லும். அந்த நிலம் பதிவு செய்து எங்காவது அடமானத்தில் இருக்கிறதா என்று இரண்டும் சொல்லாது, அதற்கு வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். கையில் இரண்டு காகிதம் இருக்கிறது என்பதற்காகக் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று ஆகிவிடாது. எத்தனை காகிதம் என்று எண்ணாமல், எந்தக் கேள்விக்கு எந்தக் காகிதம் என்று பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தது 1997 தாளின் அந்த ஐந்து டி.எஸ். கேள்விகள்தான்.

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா, கணக்குப் போடும் முறை பற்றி 1945இல் எழுதிய 'ஹவ் டு சால்வ் இட்' நூலில், தீர்க்கத் தொடங்கும் முன்பே கொடுத்த நிபந்தனைகள் விடை காணப் போதுமானவையா, குறைவா, தேவைக்கு மேலா, ஒன்றுக்கொன்று முரணா என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். பென்சிலை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது. நம் பள்ளிக் கணக்குகளில் தேவையான எண்கள் எல்லாம் அளவாகக் கொடுக்கப்பட்டிருக்கும். எல்லா எண்ணையும் பயன்படுத்தினால் விடை வரும் என்று பிள்ளைகள் பத்து வருடம் பழகுகிறார்கள். வாழ்க்கையில் எண்கள் அப்படி அளவாக வருவதில்லை. சில நாள் குறைவாக வரும், பல நாள் வேண்டாததும் சேர்ந்து வரும். அந்தப் பத்து வருடப் பழக்கத்தை மாற்றுகிற ஒரே கேள்வி வகையாக நான் டி.எஸ்.ஐப் பார்க்கிறேன்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் 2020இலிருந்து ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது: விடை தெரியவில்லை. வகுப்பில் பலரும் அதையும் டி.எஸ்.இல் வரும் "தகவல் போதாது" என்பதையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். இரண்டும் வேறு. விடை தெரியவில்லை என்பது என்னைப் பற்றிய செய்தி, இன்று நான் படித்திருப்பது இவ்வளவுதான் என்று சொல்வது. தகவல் போதாது என்பது தகவலைப் பற்றிய தீர்ப்பு, எவ்வளவு படித்தவர் வந்தாலும் இதை வைத்து விடை சொல்ல முடியாது என்று காரணத்தோடு சொல்வது. முதலாவதற்கு நேர்மை வேண்டும். இரண்டாவதற்கு நேர்மையோடு உழைப்பும் வேண்டும், இரண்டு படம் போட்டுக் காட்ட வேண்டும்.

எங்கள் வகுப்பில் "போதாது" என்று சொல்கிறவர் பலகைக்கு வந்து அந்த இரண்டு படத்தையும் போட வேண்டும் என்பது விதி. முதல் மாதம் எல்லோரும் தயங்குவார்கள். போதாது என்று சொல்வதைத் தோல்வியாக நினைப்பார்கள். அவசரப்பட்டு எதையாவது குறித்துவிட்டுப் போகத்தான் மனம் துடிக்கும். மூன்றாவது மாதம், பஸ் டிக்கெட் கேள்வியைக் கேட்ட அந்தக் கூடலூர் மாணவி சாக்பீஸை வாங்கிக்கொண்டு, ஒரு குடும்பப் படத்தை இரண்டு விதமாகப் போட்டு, "ரெண்டும் சரியா இருக்கு சார். அதனால போதாது" என்று திரும்பி நின்றார். குரலில் தயக்கம் இல்லை.

வீட்டில் பிள்ளைகள் படித்தால், கணக்குப் போட்டு முடித்ததும் "விடை என்ன வந்தது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கணக்கைத் தொடங்கும் முன், "கொடுத்திருக்கிறது போதுமா? எப்படித் தெரியும்?" என்று ஒரு தடவை கேளுங்கள். தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் நாளைக்கே ஒரு பழைய நோட்டின் அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஐந்து கேள்வி, ஒரு கூற்றை மூடி ஒன்றைப் படிப்பது, போதாது என்றால் இரண்டு படம். மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். பலன் மதிப்பெண்ணில் தெரியும்.